கையை இறக்கச் சொல்ல ஓர் ஆள்

தேவமலர் ரீச்சருக்கு எதற்கும் பயம். இதை மறைத்து எழுதிப் பிரயோசனமில்லை. யாழ்ப்பாணத்து நீர்வேலிப் பக்கத்தில் அவரைத் தெரிந்த எவரைக் கேட்டாலும் முதலில் இதைத்தான் சொல்வார்கள். பல்லிக்குப் பயம், கிணற்றுக்குப் பயம், கல்விக் கந்தோரிலிருந்து வரும் கடிதத்துக்குப் பயம். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் வேதபாடம் வாசிக்க எழுந்தாரென்றால் புத்தகம் கையில் ஆடுகிற ஆட்டம் கடைசி வாங்கில் இருக்கிறவர் வரை தெரியும். அப்படிப்பட்ட மனுஷி பன்னிரண்டு வருஷம் ஒரு வேலையைச் செய்தார். துணிச்சல்காரர் என்று பெயரெடுத்த ஒருவரும் அந்த வேலைக்குக் கிட்ட வரவில்லை. பயந்த ஆட்களைப் பற்றி நாங்கள் கொஞ்சம் மரியாதையாகக் கதைக்க வேண்டும்.

1983ஆம் ஆண்டு அவர் கொழும்புக்குப் பக்கத்தில் மகரகமையில் ஆசிரியப் பயிற்சியில் இருந்தார். முப்பது வயது. இரண்டு கல்யாணப் பேச்சு குழம்பியிருந்தது. காது கேளாத, கண் தெரியாத, புத்தி பிந்திய பிள்ளைகளுக்குப் படிப்பிக்கும் பயிற்சி அது. ஒருநாள் பின்னேரம் விரிவுரையாளர் அம்மா ஒருவர் கரும்பலகையில் 'ஓட்டிசம்' என்று ஒரு சொல்லை எழுதினார். இது விசரும் இல்லை, செவிடும் இல்லை, மந்தமும் இல்லை. இந்தப் பிள்ளைகளுக்கு ஒரு காரியம் எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்பதை நாங்கள்தான் காட்டிக்கொடுக்க வேண்டும் என்றார். தேவமலர் அதைக் கொப்பியில் எழுதிக் கீழே இரண்டு கோடு இழுத்தார். பத்து நாளில் கொழும்பு எரிந்தது.

விடுதிக்குத் திரும்பும் வழியில் தமிழரைத் தேடி ஒரு கூட்டம் பஸ்ஸை மறித்து ஏறி, ஒவ்வொருவரிடமும் ஊர் பெயர் விசாரித்துக்கொண்டு வந்தது. தேவமலருக்குச் சிங்களம் தெரியும். ஆனால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. ஒரு சொல் வரவில்லை. பக்கத்தில் இருந்த சிங்கள மாணவி அவர் தோளில் கையைப் போட்டு, "இவள் என் தங்கச்சி, பிறவி ஊமை" என்று சிங்களத்தில் சொன்னாள். கூட்டம் அடுத்த வாங்குக்குப் போயிற்று.

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். அன்று வாயிருந்தும் பிழைக்கத் தெரியாமல் இருந்ததையும், தனக்காகக் கதைக்க ஒருத்தி பக்கத்தில் இருந்ததையும் தேவமலர் மறக்கவில்லை. அகதிக் கப்பலில் காங்கேசன்துறைக்கு வந்து இறங்கும்போது அவரிடம் இருந்தது ஒரு பை. பைக்குள் அந்தக் கொப்பி.

அடுத்த தையில் ஊர்க் கலவன் பாடசாலையில் அவருக்கு ஓர் அறை கிடைத்தது. கிடைத்தது என்றால், அதிபர் கதிரவேலு மாஸ்டர் தட்ட முடியாமல் கொடுத்தார். சைக்கிள் கொட்டிலுக்குப் பக்கத்தில், உடைந்த மேசைகள் அடுக்கியிருந்த கடைசி அறை. முதல் வருஷம் ஆறு பிள்ளைகள். மற்ற வகுப்புப் பிள்ளைகள் அதற்கு 'விசர் வகுப்பு' என்று பெயர் வைத்தார்கள். ஆசிரியர்கள் சிரித்ததால் பெயர் நிலைத்துவிட்டது.

குணலட்சுமி 1985இல் வந்தாள். வாழைத்தோட்டக்காரர் மார்க்கண்டுவின் ஒரே மகள், ஏழு வயது. ஒருவர் முகத்தையும் பார்க்கமாட்டாள். எப்போதாவது கேட்ட வசனத்தை அப்படியே திருப்பிச் சொல்வாள். அதைவிட வேறு கதை இல்லை. தொடங்கினால் நிறுத்தத் தெரியாது. கை கழுவத் தொடங்கினால் சவர்க்காரம் கரைந்து முடியும்வரை கழுவுவாள். தாய் ஞானாம்பிகை தோட்டத்துக்குப் போகும்போது பிள்ளையைப் பழஞ்சேலையால் வீட்டுக் கப்புத் தூணில் கட்டிவிட்டுப் போவாள். அதைச் சொல்லும்போது அவள் நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். பிள்ளையின் கையில் ஏழெட்டுக் கோயில்களில் கட்டின நூல்கள் கறுத்துப்போய் இருந்தன.

தேவமலர் பழைய கலண்டர் மட்டைகளின் பின்பக்கத்தில் படம் கீறினார். கிணறு, சவர்க்காரம், சாப்பாட்டுக் கோப்பை, பஸ், வீடு. ஒவ்வொரு வேலைக்கும் ஓர் அட்டை. அட்டையைக் காட்டினால் வேலை தொடங்க வேண்டும். முழங்கையைத் தொட்டு, "போதும் குணம்" என்றால் முடிக்க வேண்டும். எட்டு மாதம் இதே வேலை. எட்டாம் மாதம் வகுப்பில் வைத்த ஒரு சவர்க்காரக் கட்டி முழுசாக ஒரு மாதம் கிடந்ததைக் கண்டு ஞானாம்பிகை அழுதாள். பிறகு முழங்கையைத் தொடாமலே சொல் மட்டும் போதுமாயிற்று. தேவமலருக்கு வாழ்க்கையில் முதல் தடவை தான் கெட்டிக்காரி என்று ஒரு எண்ணம் வந்தது. அந்த எண்ணத்துக்குள்தான் பிழையும் இருந்தது. அது அப்போது அவருக்குத் தெரியவில்லை.

1987 கடைசியில் ஊருக்கு இந்திய ஆமி வந்து சந்திக்குச் சந்தி காவல் போட்டது. அடுத்த மாசியில், வாழைக்குலை கட்டிக்கொண்டு சைக்கிளில் போன காது கேளாத மனிதர் ஒருவர், 'நில்' என்று கத்தியது கேட்காமல் சந்தியைக் கடந்தார். மறுகரைக்குப் போய்ச் சேரவில்லை. சைக்கிள் சில்லு அவர் விழுந்த பிறகும் சுற்றிக்கொண்டு கிடந்ததாம். தேவமலர் செத்த வீட்டுக்குப் போய் வந்தார். சில்லுச் சுற்றுவதைக் கண்டால் உலகத்தை மறந்து நிற்கிற ஒரு பிள்ளை, குணம், அவருடைய வகுப்பில் இருந்தது. அந்தப் பிள்ளையிடம் ஒரு துவக்குக்காரன் 'கையைத் தூக்கு' என்றால் என்ன நடக்கும்?

மறுநாள் ஒரு புது அட்டை கீறினார். இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கியபடி ஒரு பிள்ளை.

அதிபர் அதை வாங்கி முன்னும் பின்னும் பார்த்தார். "ரீச்சர், பள்ளிக்கூடத்திலை உதைப் படிப்பிக்கிறதோ? இன்ஸ்பெக்டர் வந்து கேட்டால் நான் என்ன பாடமெண்டு சொல்லுறது?"

"சுகாதாரம் எண்டு சொல்லுங்கோ சேர். உயிரோடை இருக்கிறதும் சுகாதாரந்தானே."

தேவமலர் அதிபரிடம் எதிர்க்கதை சொன்னது அதுதான் முதல் தடவை. சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்க் காய்ச்சலில் படுத்தார்.

ஆமிக்காரனாக நடிக்கப் பள்ளிக்கூடக் காவலாளி ஏரம்பு சம்மதித்தார். தென்னம் மட்டைதான் துவக்கு. சைக்கிள் கொட்டிலுக்குப் பின்னால் ஒளித்திருந்து பாய்ந்து வந்து, "ஹேன்ட்ஸ் அப்" என்று கத்துவார். அறுபது வயதில் மனுஷனுக்கு நடிப்புப் பித்து பிடித்துவிட்டது. தடித்த குரலிலும் கீச்சுக் குரலிலும் ஹிந்தி மாதிரி ஏதோ உளறியும் கத்திப் பார்த்தார். குணம் முதலில் காதைப் பொத்திக்கொண்டு குந்தினாள். மூன்றாம் கிழமை, யார் எந்தக் குரலில் கத்தினாலும் இரண்டு கையும் மேலே போயின. உடனே தேவமலர், "போதும் குணம், கையை இறக்கு" என்பார். கை இறங்கும். வாயில் ஒரு துண்டு பனங்கட்டி.

சிரித்த ஆசிரியர்களில் இரண்டு பேர், ஒருவருக்கொருவர் தெரியாமல், தங்கள் வகுப்புச் சின்னப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வந்து பின்னால் நிறுத்தினார்கள். ஏரம்புவுக்கு மகா சந்தோஷம்.

வைகாசியில் ஒரு வெள்ளிக்கிழமை காலை ஊரைச் சுற்றி வளைத்தார்கள். எல்லோரும் பள்ளிக்கூட மைதானத்துக்கு வரவேண்டும் என்று ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டு போனார்கள். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம், வேப்பமர நிழல் ஆமிக்காரருக்கு. தேவமலரும் ஞானாம்பிகையும் குணத்தை நடுவில் விட்டு நின்றார்கள். கத்துகிறவனைக் கண்டால் கையைத் தூக்குவாள், இறக்கச் சொன்னால் இறக்குவாள் என்று தேவமலர் மனதுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டார்.

அறைகளைச் சோதித்த ஒருவன் படம் கீறிய அட்டைகள் இருந்த பெட்டியோடு வந்தான். அதிகாரி நாலைந்து அட்டைகளைப் புரட்டிவிட்டு, இது யாருடையது என்று கேட்டான். தேவமலர் வரிசையிலிருந்து ஓரடி முன்னால் வந்தார். கையை உயர்த்தினார். அவரை அதிபரின் அறைக்குள் கொண்டுபோய்க் கதிரையில் இருத்தினார்கள்.

மேசையில் அட்டைகளைச் சீட்டுப் போல் பரப்பிவைத்துக்கொண்டு அதிகாரி இங்கிலீஷில் கேட்டான். இந்தக் கிணறு எந்தக் கிணறு? இந்த வீடு யாருடையது? பஸ்ஸுக்குப் பக்கத்தில் ஏன் சிவப்பு வட்டம்? யார் யாருக்குக் காட்டும் சைகை இது? அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். அவனும் பயந்துதான் இருந்தான். முந்தின கிழமை அவனுடைய ஆட்கள் இரண்டு பேர் பக்கத்து ஊரின் குறுகிய ஒழுங்கையில் செத்திருந்தார்கள். தேவமலர், பள்ளிக்கூடம், பிள்ளைகள், பாடம் என்று சொல்லிப் பார்த்தார். படித்த இங்கிலீஷில் பாதி அவரை விட்டு ஓடிவிட்டது. அவன் திரும்பவும் கிணற்றிலிருந்து தொடங்கினான்.

யன்னலால் மைதானம் தெரிந்தது. பெண்களின் வரிசையைச் சோதிக்க ஒருவன் கையைத் தூக்கச் சொல்லிக் கத்தினான். எல்லாக் கைகளும் எழுந்தன. குணத்தின் கைகள் முதலாவதாக எழுந்தன. தேவமலர் அந்தக் கதிரையில் இருந்தபடியே ஆண்டவருக்கு நன்றி சொன்னார். சோதித்து முடிந்து அவன் கையால் சைகை காட்டினான். எல்லாக் கைகளும் இறங்கின. குணத்தின் கைகள் இறங்கவில்லை.

ஞானாம்பிகை குனிந்து ஏதோ சொல்வது தெரிந்தது. போதும் என்றுதான் சொல்லியிருப்பாள். பிறகு மகளின் கைகளைப் பிடித்து இழுத்தாள். குணம் அலறினாள்; அலறிக்கொண்டே கைகளைப் பிடுங்கித் திரும்பவும் மேலே தூக்கினாள். சொல்லிக்கொடுத்ததைச் சரியாகச் செய்துகொண்டிருக்கும்போது ஏன் பிடித்து இழுக்கிறார்கள் என்று அவளுக்கு விளங்கவில்லை. ஆமிக்காரன் கிட்ட வந்து அவனுடைய பாஷையில் கத்தினான். கத்தக் கத்தக் கைகள் இன்னும் விறைத்தன.

அப்போதுதான் தேவமலருக்குத் தன் பிழை முழுசாகத் தெரிந்தது. கத்துவது யாராகவும் இருக்கலாம் என்று ஏரம்பு பத்துக் குரலில் பழக்கியிருந்தார். இறக்கச் சொல்வது யாராகவும் இருக்கலாம் என்று ஒருவரும் பழக்கவில்லை. மூன்று வருஷமாக அந்தச் சொல் ஒரேயொரு வாயிலிருந்துதான் வந்தது.

பிள்ளையின் உடம்பில் ஏதோ குண்டு கட்டியிருக்கிறது என்று ஒருவனுக்கு எண்ணம் வந்திருக்க வேண்டும். தாயை இழுத்து அப்பால் விட்டார்கள். வரிசைகளைப் பின்னுக்குத் தள்ளினார்கள். வெறும் மைதானத்தின் நடுவில், வெயிலில், பத்து வயதுப் பிள்ளை இரண்டு கையையும் தூக்கியபடி தனியே நின்றாள். சுற்றிவர நாலு துவக்குகள். ஆண்கள் வரிசையில் முதலாவதாக நின்ற கதிரவேலு மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டார்.

தேவமலர் எழும்பினார். கதிரையில் இரு என்றான் அதிகாரி. அவர் நின்றுகொண்டே இருந்தார். சொல்ல வேண்டியது எல்லாம் நெஞ்சுவரை வந்தது. நாக்கு பழையபடி மேலண்ணத்தில் ஒட்டிவிட்டது. பஸ்ஸுக்குள் இருந்த அதே நிலை. இந்த முறை தோளில் கைபோட ஒருவரும் இல்லை. அவர் மேசையில் இருந்த அட்டைகளைத் தடவி, கைதூக்கிய பிள்ளையின் படத்தை எடுத்து, யன்னல் கம்பியோடு சேர்த்துப் பிடித்து, மைதானத்தைக் காட்டினார்.

அதிகாரி படத்தைப் பார்த்தான், பிள்ளையைப் பார்த்தான், திரும்பப் படத்தைப் பார்த்தான். நீயா பழக்கினாய் என்று கேட்டான். தலையாட்டினார். அப்படியென்றால் இறக்கச் சொல் என்றான்.

வாயைத் திறந்தார்; காற்றுத்தான் வந்தது. இரண்டாம் தரமும் அதுவே. மூன்றாம் தரம், தன்னுடைய குரல்தானா என்று அவரே திடுக்கிடும்படி ஒரு குரல் வந்தது.

"போதும் குணம், கையை இறக்கு."

கைகள் இறங்கின. பிள்ளை வாயைத் திறந்து பனங்கட்டிக்காகக் காத்துக்கொண்டு நின்றாள்.

அட்டைகளை எல்லாம் அதிகாரி திருப்பிக் கொடுத்தான். அந்த ஒன்றை மட்டும் மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு வெளியே போனான்.

மைதானம் கலைந்த பிறகு தேவமலர் ஞானாம்பிகையிடம் போனார். அவள் மகளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிலத்தில் இருந்தாள். ரீச்சரைக் கண்டதும் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள்.

"நானும் போதும் எண்டுதான் சொன்னனான் ரீச்சர். பெத்த தாய் சொல்லுறன், கேக்கேல்லை. என்ரை பிள்ளையைப் பூட்டிப்போட்டுத் திறப்பை உங்கடை மடியிலை வைச்சிருந்திருக்கிறியள். நாளைக்கு நீங்கள் இல்லையெண்டால் உவள் என்ன செய்வாள்?"

தேவமலர் அவளுக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்தார். அழுதார். மற்றப் பயங்கள் எல்லாம் அன்றோடு சின்னதாகிப் போயின. பல்லியாவது, கல்விக் கந்தோராவது. நான் இல்லாத இடத்தில் இந்தப் பிள்ளை கையைத் தூக்கிக்கொண்டு நின்றால் யார் இறக்கச் சொல்வது? இந்த ஒரு பயந்தான் பிறகு ஏழு வருஷம் அவரை எழுப்பி, உடுப்பித்து, பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியது.

திங்கட்கிழமை அதிபரிடம் போனார். குணம் அரைநாள் கடைசி அறையில் இருக்கட்டும். மற்ற அரைநாள் ஐந்தாம் வகுப்பில் இருக்க வேண்டும் என்றார். திறப்பை ஒரு மடியில் வைக்கக் கூடாது, ஊருக்கே கொடுக்க வேண்டும் என்றார். கதிரவேலு மாஸ்டர் அன்று கண்ணை மூடின வெட்கம் தீராதவர். மறு பேச்சில்லாமல் சம்மதித்தார். பெற்றோர் சும்மா இருப்பார்களா? எங்கடை பிள்ளையளுக்கும் உந்த விசர் தொத்தினால் ஆர் பொறுப்பு என்று கேட்டு நாலு பேர் கந்தோருக்கு எழுதிப்போட்டார்கள். இரண்டு பேர் பிள்ளைகளை வேறு பள்ளிக்கூடத்துக்கு மாற்றினார்கள். மாற்றின பிள்ளைகள் அங்கே போய்ப் பெரிய பேரறிஞராக வந்ததாகத் தகவல் இல்லை.

புதிதாகப் பழக்குவது சுலபமாக இருக்கவில்லை. தாயின் வாயால் சொன்னால் கை இறங்குவதற்கு ஐந்து மாதம். ஏரம்புவின் வாயால் சொன்னால், கத்துகிறவரே இறக்கவும் சொல்கிறாரே என்று பிள்ளை குழம்பிப்போய் அழும். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளைக் கிழமைக்கு இரண்டு பேராக எடுத்து, அட்டையோடு பழக்கினார். குணம் அவர்களை மேசை கதிரை போலத்தான் நினைத்தாள். ஒரு வருஷம் போயிற்று. தேவமலருக்குத் தலைமயிர் நரைத்தது.

காரியத்தைச் செய்தவள் பியாட்றிஸ். பள்ளிக்கூடத்திலேயே குழப்படி கூடின பிள்ளை. அட்டை பழக்கக்கூடத் தேவமலர் அவளை எடுக்கவில்லை. அவள் ஒளித்திருந்து, குணத்தைக் கண்டதும் "ஹேன்ட்ஸ் அப்" என்று கத்துவாள். கை எழுந்ததும் ரீச்சரின் குரலை அப்படியே பகிடி பண்ணி, "போதும் குணம், கையை இறக்கு" என்பாள். ஒருநாளைக்கு இருபது தரம், முப்பது தரம். இறங்கினால் அவளுக்குச் சிரிப்பு. இறங்காவிட்டால் இறங்கும்வரை விடமாட்டாள். பிறகு தன்னுடைய சொந்தக் குரலில் சொல்லிப் பார்த்தாள். பிறகு மற்றப் பிள்ளைகளையும் சொல்ல வைத்துப் பந்தயம் பிடித்தாள். தேவமலர் இதைக் கண்டது கிணற்றடியில். பிரம்பைத் தேடிக்கொண்டு ஓடியவர் பாதி வழியில் நின்றார். நாலு பிள்ளைகள் மாறி மாறிச் சொல்ல, நாலு தரமும் கை இறங்கியது. குணத்தின் முகத்தில் சிரிப்புப் போல ஒன்று இருந்தது. தன் பயத்தால் முடியாததை ஒரு பெட்டையின் குறும்பு செய்து முடித்திருந்தது. தேவமலருக்குக் கோபமும் வந்தது, கும்பிடவும் தோன்றியது. பிரம்பை வைத்துவிட்டுப் பனங்கட்டி எடுத்துவந்து ஐந்து பேருக்கும் கொடுத்தார்.

தொண்ணூறில் அந்த ஆமி போய், வேறு சண்டை தொடங்கி, குண்டு போடும் பொம்மர் வரத் தொடங்கியது. பள்ளிக்கூட முற்றத்தில் பங்கர் வெட்டினார்கள். குணம் விமானத்துக்கும் கையைத் தூக்கினாள். மேலேயிருந்து இவ்வளவு பெரிதாகக் கத்துகிற ஒன்றுக்குக் கையைத் தூக்காமல் வேறென்ன செய்வது? எல்லோரும் பங்கருக்குள் பாய, இவள் வெளியில் நிற்பாள். யாராவது ஒரு பிள்ளை ஏறி வந்து அந்தச் சொல்லைச் சொல்லி, கூட்டிக்கொண்டு இறங்க வேண்டும். ஒருநாள் மூன்று பிள்ளைகள் ஒரே நேரத்தில் வெளியே வந்துவிட்டார்கள். அன்று குண்டு தூரத்தில் விழுந்தது. ஒரு தகப்பன் வந்து, "ஒரு பிள்ளைக்காக மூண்டு பிள்ளையைக் குடுக்கப் போறியளோ ரீச்சர்?" என்று கேட்டார். அந்தக் கேள்வியில் நியாயம் இல்லை என்று சொல்ல முடியாது. தேவமலர் அதன்பிறகு பங்கர் வாசலில் தானே கடைசி ஆளாக நின்றார்.

1995 ஐப்பசி முடிவில் அரசாங்க ஆமி முன்னேறி வர, வலிகாமப் பகுதி முழுக்க எழும்பி நடந்தது. கிராமம் கிராமமாகச் சனம் தெருவில் இறங்கி, தென்மராட்சிப் பக்கம் போக இருந்த ஒரே வழியில், நாவற்குழிப் பாலத்தை நோக்கி நெரிந்தது. மழை. மார்க்கண்டு சைக்கிளில் அரிசி மூட்டையும் ரீச்சரின் அட்டைப் பெட்டியும் கட்டி உருட்டினார். குணத்துக்கு இப்போது பதினேழு வயது; தாயின் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். தேவமலருக்கு மூன்று நாள் காய்ச்சல். தொண்டை அடைத்து, குரல் சுத்தமாக இல்லை. இருமினால்கூடச் சத்தம் வரவில்லை.

மறுநாள் மத்தியானம் பாலத்துக்குக் கிட்ட வந்துவிட்டார்கள். கடலேரிக்குள் ஒரு ஷெல் விழுந்தது. வெடிச் சத்தத்தோடு சனம் ஒரே தள்ளாகத் தள்ளிற்று. தேவமலர் பாலத்துக் கைபிடிச் சுவரில் போய் மோதினார். நிமிர்ந்து பார்த்தபோது ஞானாம்பிகை முன்னுக்கு அள்ளுண்டு போய்க்கொண்டிருந்தாள். அவளுடைய சேலைத் தலைப்பில் பிள்ளை இல்லை.

"குணம் எங்கை ரீச்சர்? குணம் எங்கை?"

தேவமலர் திரும்பிப் பார்த்தார். ஐம்பது யார் தூரம் பின்னால், குடைகளுக்கும் மூட்டைகளுக்கும் மேலே, இரண்டு வெறுங் கைகள் நேராக நின்றன.

சனம் அந்தக் கைகளை இடித்துக்கொண்டு வந்தது. விழுந்தால் மிதித்துவிட்டுத்தான் போவார்கள். மிதிக்காமல் போக அங்கே இடம் இல்லை. நின்றால் பின்னால் ஷெல் வருகிறது. தேவமலர் கத்தினார். ஒரு சத்தமும் வரவில்லை. திரும்பத் திரும்பக் கத்தினார். பக்கத்தில் போனவர்கள், பாவம், மூச்சு இழுக்கிறது போல என்று பார்த்துவிட்டுப் போனார்கள். ஏழு வருஷம் எந்த நாளுக்குப் பயந்தாரோ அந்த நாள் வந்திருந்தது. அவர் அங்கே நின்றும் இல்லாதவராக இருந்தார்.

கைகள் இறங்கின.

தேவமலர் எட்டிப் பார்த்தார். யாரோ சொன்னார்களா, விழுந்துவிட்டாளா? இரண்டுக்கும் கைகள் ஒரே மாதிரித்தான் கீழே போகும். சுவரைப் பிடித்துக்கொண்டு எதிர்த் திசையில் நடக்கப் பார்த்தார். மூன்றடி போனால் நாலடி பின்னுக்குத் தள்ளிற்று. கடைசியில் கைபிடிச் சுவரின் அடிக்கட்டில் ஏறி நின்றார். குரல் இல்லாத மனுஷிக்கு வேறென்ன வழி? உயிரோடு இருந்தால் காணட்டும் என்று இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கினார்.

எவ்வளவு நேரம் அப்படி நின்றார் என்று அவருக்குத் தெரியாது. தோள்மூட்டுக் கழன்றுவிடும் போல இருந்தது. பத்து வயதுப் பிள்ளை வெயிலில் அன்று எப்படி நின்றாள் என்ற நினைப்பு வந்தது. அப்போதுதான் அழுகை வந்தது.

பிறகு நனைந்த தலை ஒன்று தெரிந்தது. இடுப்பில் கைக்குழந்தையோடு ஓர் இளம்பெண், மறுகையால் குணத்தை இழுத்துக்கொண்டு, இடிக்கிறவர்களை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டு வந்தாள். பியாட்றிஸ்.

"ரீச்சர், நடு றோட்டிலை நிக்கிறாள் ரீச்சர். ஒரு தரந்தான் சொன்னனான். டக்கெண்டு இறக்கிப்போட்டாள். மறக்கேல்லை."

அவள் இன்னும் ஏதேதோ சொன்னாள். தேவமலர் பதில் சொல்ல வாயைத் திறந்தார், வரவில்லை. கைகள் இன்னமும் மேலேயே இருந்தன. அவற்றை இறக்க வேண்டும் என்பது அவருக்குத் தோன்றவேயில்லை.

குணம் கிட்ட வந்தாள். அவருடைய முகத்தைப் பார்க்கவில்லை. அவள் ஒருவர் முகத்தையும் பார்ப்பதில்லை. கையை நீட்டி அவருடைய முழங்கையைத் தொட்டாள்.

"போதும் குணம், கையை இறக்கு."

தேவமலர் இறக்கினார்.